வாசலில் விற்ற கணினி எங்கே போகிறது?

"பழைய கம்ப்யூட்டர், பழைய டி.வி., பழைய பிரிட்ஜ், பழைய பேட்டரி, எது இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்!" ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வாரம் ஒருமுறையாவது நம் தெருவழியே இப்படிக் கூவிக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. இன்று பேரீச்சம்பழத்தின் இடத்தில் ரூபாய் நோட்டு வந்திருக்கிறது. இரும்பின் இடத்தில் கணினி வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, நாங்களும் இரண்டு பழைய கணினித் திரைகளை இப்படித்தான் விற்றோம். முன்பக்கம் கண்ணாடியும் பின்பக்கம் புடைத்த முதுகுமாக, ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனத்தில் இருந்தவை அவை. இடம் காலியானதே என்ற மகிழ்ச்சி. கையில் கொஞ்சம் பணமும் வந்தது. சில வாரங்கள் கழித்து ஊர்க் குளக்கரையில் நடந்து சென்றபோது, அதே போன்ற திரைகளின் கண்ணாடி அங்கே உடைந்து குவிந்து கிடந்தது. கழுத்துப் பகுதியில் சுற்றியிருந்த செம்புக் கம்பிச் சுருளை மட்டும் யாரோ உருவிக்கொண்டு, மற்றதை அப்படியே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்திலேயே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை நாங்கள் விற்ற திரைகள்தானா என்று தெரியாது. ஆனால் நாங்கள் விற்றவையும் இப்படி ஏதாவது ஒரு கரையில்தானே கிடக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து மனதை விட்டு அகலவில்லை.

வாசலில் விற்ற கணினி எங்கே போகிறது? அங்கே அதை யார் உடைக்கிறார்கள்? இதைப்பற்றி இன்று சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

கணினிக்குள் என்ன இருக்கிறது?

கணினி பார்ப்பதற்குச் சுத்தமான பொருள். புகை விடுவதில்லை, எண்ணெய் கசிவதில்லை. அதனால் அது சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் அதன் உள்ளே பல உலோகங்களும் இரசாயனங்களும் நெருக்கமாகப் பிணைந்துள்ளன.

பழைய பிக்சர் டியூப் திரையின் கண்ணாடியில், பார்ப்பவரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பதற்காக ஈயம் கலக்கப்பட்டது. ஒரு திரையில் மட்டும் கிலோ கணக்கில் ஈயம் இருக்கும். அதற்குப் பின் வந்த தட்டைத் திரைகள் பலவற்றில், வெளிச்சம் தரும் மெல்லிய குழல்களுக்குள் பாதரசம் இருந்தது. பழைய மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களைப் பற்றவைத்த பொடியிலும் ஈயம் உண்டு. சிலவகை பேட்டரிகளில் கேட்மியம் உண்டு. பிளாஸ்டிக் உறை எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் கலந்த இரசாயனங்கள் சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் இவற்றில் பலவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியா உட்படப் பல நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. ஆகவே புதிய கணினிகளில் இந்த நச்சுகள் முன்பைவிடக் குறைவு. ஆனால் பரணிலும் காயலான் கடையிலும் இருப்பவை பெரும்பாலும் பழையவைதாம்.

நல்லதும் உள்ளே இருக்கிறது. செம்பு, அலுமினியம், வெள்ளி, பல்லேடியம், தங்கம் ஆகியவை உண்டு. இந்த நல்லதை எடுக்கும் முயற்சியில்தான் கெட்டது வெளியே வருகிறது. மின்னணுக் கழிவின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

நம் வீட்டுக்கு வருமுன்பே

மின்சாரத்தைச் சேமிக்க, வேலை முடிந்ததும் கணினியை அணைக்கச் சொல்கிறோம். நல்ல பழக்கந்தான். ஆனால் கணினி பூமிக்கு வைக்கும் பாரத்தில் பெரும்பகுதி, நாம் அதை முதன்முதலாக இயக்குவதற்கு முன்பே ஏற்றப்பட்டுவிடுகிறது.

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 17 அங்குலத் திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணினியைத் தயாரிக்க நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள் குறைந்தது 240 கிலோவும், இரசாயனப் பொருட்கள் 22 கிலோவும், தண்ணீர் 1,500 கிலோவும் செலவாவதாகக் கணக்கிட்டது. ஒரு காரையோ குளிர்சாதனப் பெட்டியையோ தயாரிக்க, அதன் எடையைப்போல் ஒன்றிரண்டு மடங்கு எரிபொருள் போதும். கணினிக்கு அதன் எடையைப்போல் பத்து மடங்கு தேவைப்பட்டது.

ஏன் இவ்வளவு? கணினியின் உயிராக இருப்பவை சிலிக்கான் சில்லுகள். மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கானை, ஏறக்குறைய எந்தக் கலப்பும் இல்லாத தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை, நூற்றுக்கணக்கான படிகளில் பதிக்க வேண்டும். ஒரு தூசு விழுந்தாலும் சில்லு வீணாகிவிடும். ஆகவே திரும்பத் திரும்பத் தூய்மையான நீரில் கழுவுகிறார்கள். 2 கிராம் எடையுள்ள ஒரு நினைவகச் சில்லைச் செய்யவும் பயன்படுத்தவும் 1.6 கிலோ எரிபொருளும், 72 கிராம் இரசாயனமும், 32 கிலோ தண்ணீரும் தேவைப்பட்டதாக 2002ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று கூறியது.

இதன் முடிவு என்ன? ஒரு வீட்டுக் கணினி மூன்று ஆண்டுகள் பயன்படுவதாக வைத்துக்கொண்டு அதன் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டபோது, 81 விழுக்காடு தயாரிப்பிலும், 19 விழுக்காடு மட்டுமே பயன்பாட்டிலும் செலவானது தெரியவந்தது. அந்த ஆய்வு 2004ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கணினிகள் இன்று மறைந்துவிட்டன. ஆனாலும் இன்றைய மடிக்கணினிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், அவற்றிலும் தயாரிப்பின் பங்கே பெரியதாக இருக்கிறது.

கணினி என்பது இன்று மேசைமேல் இருக்கும் பெட்டி மட்டுமன்று என்பதையும் நினைவில் கொள்வோம். நாம் அனுப்பும் படமும், பார்க்கும் காணொளியும் எங்கோ உள்ள பெரும் தரவு மையங்கள் வழியாகவே வருகின்றன. 2024ஆம் ஆண்டில் உலகிலுள்ள தரவு மையங்கள் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. இது உலக மின்சாரப் பயன்பாட்டில் சுமார் ஒன்றரை விழுக்காடு. அங்குள்ள கணினிகளும் சில ஆண்டுகளில் பழையனவாகிக் கழிவாகின்றன.

ஆக, பூமிக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, புதிய கணினி வாங்குவதைத் தள்ளிப்போடுவதுதான். நான்கு ஆண்டுகளில் மாற்றுவதை எட்டு ஆண்டுகள் வைத்திருந்தால், இரண்டு கணினிகள் தேவைப்பட்ட இடத்தில் ஒன்று போதும்.

மலைபோல் குவியும் கழிவு

ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிறுவனங்கள் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. ஒவ்வொரு மனிதருக்கும் 7.8 கிலோ. இதை 40 டன் லாரிகளில் ஏற்றினால் 15.5 லட்சம் லாரிகள் வேண்டும். அவற்றை இடைவெளியின்றி நிறுத்தினால் பூமத்திய ரேகையைச் சுற்றி வந்துவிடும். இதில் கணினிகளோடு கைப்பேசி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி எல்லாம் அடக்கம்.

இவற்றில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. மீதி எங்கே போனது? கொஞ்சம் பரணிலும் அலமாரியிலும் தூங்குகிறது. கொஞ்சம் குப்பைமேட்டுக்குப் போகிறது. மற்றது வறியவர்களின் கைக்குப் போகிறது. இதே போக்கு தொடர்ந்தால் 2030ஆம் ஆண்டில் கழிவு 8.2 கோடி டன்னாகும் என்று அவ்வறிக்கை எச்சரிக்கிறது.

அவர்களின் கைகளில்

வாசலில் கணினியை வாங்கியவர் அதைக் காயலான் கடையில் விற்கிறார். அங்கே திருகுகள் கழற்றப்படுகின்றன. இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் எனப் பிரிகின்றன. இதுவரை பெரிய ஆபத்து இல்லை. பிக்சர் டியூபை உடைக்கும்போதுதான் முதல் தீங்கு தொடங்குகிறது. பிறகு பொருட்கள் ஊர்விட்டு ஊர் போகின்றன. மின்சுற்றுப் பலகைகள் பல கை மாறி, டெல்லியின் சீலம்பூர் போன்ற பெரிய சந்தைகளைச் சென்றடைகின்றன.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற நகரம். உலோகத்தை உருக்கவும் பிரிக்கவும் தெரிந்த கைகள் அங்கே நிறைய உண்டு. பித்தளைத் தொழில் நலிந்தபோது, அந்தக் கைகளில் பல, கணினிப் பலகைகளின் பக்கம் திரும்பின. பலகைகளை எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கை ஆற்றின் கரையில் கழுவி உலோகத்தைப் பிரித்தெடுத்தனர். கழுவிய நீர் ஆற்றிலேயே கலந்தது.

இந்தத் தொழிலில் மூன்று செயல்கள் மிகவும் கொடியவை. முதலாவது, செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பது. கம்பியின் பி.வி.சி. உறை எரியும்போது டையாக்சின் எனும் நச்சு உருவாகிறது. மனிதர் அறிந்த மிக மோசமான நச்சுகளில் அதுவும் ஒன்று. அது மண்ணிலும், கால்நடைகளின் கொழுப்பிலும் பாலிலும் நெடுநாள் தங்கும். இரண்டாவது, பலகைகளை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பெயர்ப்பது. ஈயப் புகை நேராக நெஞ்சுக்குள் போகும். மூன்றாவது, தங்கத்துக்காகப் பலகைகளை அமிலத்தில் ஊறவைப்பது. கையுறையோ முகமூடியோ பெரும்பாலும் இருப்பதில்லை. வேலை முடிந்ததும் அமிலம் சாக்கடைக்குப் போகிறது.

இது வடநாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களோடு நம் சென்னையிலும், மின்னணுக் கழிவு உடைக்கப்படும் இடங்களின் மண்ணை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். டையாக்சின் வகை நச்சுகள் அங்கு இருப்பதை 2018ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு பதிவு செய்துள்ளது.

குழந்தைகளின் இரத்தத்தில்

சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் குய்யூ என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் உலகிலேயே மிகப்பெரிய மின்னணுக் கழிவு உடைக்கும் இடமாக அறியப்பட்டது. செல்வ நாடுகளிலிருந்து வந்த கணினிகள் அங்கே வீட்டுத் திண்ணைகளிலேயே உடைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அமைப்புகள் இதை உலகுக்கு வெளிப்படுத்தின. நிலத்தடி நீர் கெட்டுவிட்டதால், ஊர்மக்கள் குடிநீரை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டிய நிலை இருந்தது.

அந்த ஊரின் 165 சிறு குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் 81.8 விழுக்காட்டினரின் இரத்தத்தில், அப்போதைய எச்சரிக்கை அளவைவிட அதிகமாக ஈயம் இருந்தது. இத்தொழில் இல்லாத பக்கத்து ஊரில் அந்த எண்ணிக்கை 37.7 விழுக்காடு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. கற்கும் திறனைக் குறைக்கிறது. இவ்வளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேறொரு நாட்டில் ஒரு குழந்தை படிப்பதற்குப் பயன்பட்ட கணினி, இங்கே ஒரு குழந்தையின் படிக்கும் திறனைப் பறித்துக்கொண்டது. இதைவிட வேதனையான முரண்பாடு வேறு இருக்க முடியுமா?

பிற்காலத்தில் சீன அரசு குய்யூவின் பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுவந்தது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் இருந்த அக்பொக்புளோஷி கழிவுச் சந்தையும் 2021ஆம் ஆண்டில் அரசால் அகற்றப்பட்டது. ஓர் இடத்தை மூடினால் வேலை இன்னோர் இடத்துக்கு நகர்கிறது. ஏனெனில் கழிவு குறையவில்லை. அதை நம்பிப் பிழைப்பவரின் பசியும் குறையவில்லை. கழிவைப் பிரிக்கும் வேலையும் உள்ளிட்ட முறைசாராத் தொழில்களில் 1.8 கோடிக்கும் அதிகமான சிறுவர் சிறுமியர் உள்ளதாகவும், அவர்களில் சிலருக்கு வயது ஐந்துதான் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கூறியது.

குப்பையில் ஒரு தங்க வயல்

இவ்வளவு ஆபத்து என்றால், கணினிகளைத் தொடாமல் எங்காவது புதைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறுதான்.

கோலார் தங்க வயலை நம்மில் பலர் அறிவோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே கிடைக்கும் நிலை வந்து, 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் ஒரு டன் கணினிப் பலகைகளில் அதைவிடப் பல மடங்கு தங்கம் இருக்கிறது. அதைப் புதைத்துவிட்டு, புதிய தங்கத்துக்காக மீண்டும் மலையைத் தோண்டுவது அறிவுடைமையாகுமா?

முறையாகச் செய்தால் இது முடியும் என்பதை ஜப்பான் காட்டியது. 2021ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் ஏறக்குறைய 5,000 பதக்கங்களுக்கும் தேவையான உலோகம் முழுவதும், மக்கள் கொடுத்த பழைய மின்னணுப் பொருட்களிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 79,000 டன் பொருட்களும், அவற்றுள் 62 லட்சம் கைப்பேசிகளும் சேர்ந்தன. 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. மூடிய ஆலையில், புகையை வடிகட்டி, கழிவுநீரைச் சுத்திகரித்துச் செய்தால் அதே தங்கம் யாருடைய உடலையும் கெடுக்காமல் கிடைக்கும். திண்ணையில் அமிலத் தொட்டி வைத்து எடுக்கும்போது தங்கத்திலும் ஒரு பகுதி வீணாகிறது, மனிதரும் வீணாகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆபத்தான கழிவை ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் கொட்டுவதைத் தடுக்க 1989ஆம் ஆண்டில் பாசல் உடன்படிக்கை உருவானது. 1992ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இந்தியாவும் அதில் இணைந்தது. ஆயினும் 'பயன்படுத்திய பொருள்', 'நன்கொடை' என்ற பெயர்களில் கழிவு கப்பலேறியது. 2025 ஜனவரி முதல், ஆபத்தானது, ஆபத்தற்றது என்ற வேறுபாடின்றி எல்லா மின்னணுக் கழிவையும், பெறும் நாட்டின் முன் ஒப்புதலின்றி அனுப்பக்கூடாது என்று விதி இறுக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் முதன்முதலாக 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவை திருத்தி எழுதப்பட்டன. இப்போது நடைமுறையில் உள்ளவை 2023 ஏப்ரல் முதல் செயல்படும் புதிய விதிகள். 106 வகைப் பொருட்கள் இவற்றின்கீழ் வருகின்றன. பொருளை விற்ற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்று, பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை வழியாக அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதே இவற்றின் சாரம். ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட மின்சார, மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அவற்றைக் கண்டவரிடம் விற்கக்கூடாது. பதிவுபெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். நமது பெரிய கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, ஆலைகளும் இருக்கின்றன. நம் வாசலிலிருந்து அந்த ஆலை வரை உள்ள தூரத்தைக் கடக்கத்தான் ஆளில்லை. காயலான் கடைக்காரர் வாசலுக்கே வருகிறார், பணமும் தருகிறார். அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதும் நியாயமன்று. வீடுவீடாகச் சென்று சேகரிப்பதில் அவருக்கு நிகர் எவருமில்லை. அவர் சேகரித்தது நெருப்புக்கும் அமிலத்துக்கும் போகாமல் ஆலைக்குப் போகவேண்டும். வேண்டிய மாற்றம் அதுவே.

நம் வீடுகளில் இருப்பவை

தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவை எல்லாம் ஈயக் கண்ணாடி கொண்ட பிக்சர் டியூப் பெட்டிகள். 2011 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. நமது மறைமாவட்டப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் பெற்றார்கள். பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. ஓர் ஏழை மாணவியின் கையில் கணினி வந்தது நன்மையே. அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தத் தொலைக்காட்சிகளும் முதலில் வந்த மடிக்கணினிகளும் இப்போது பழுதாகி மூலையில் கிடக்கின்றன. அவை எங்கே போகப்போகின்றன என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக இயங்கும் பல கணினிகள் அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. இதனால் 24 கோடி கணினிகள் கழிவாகக்கூடும் என்று ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டிலேயே கணித்தது. பொருள் பழுதாவதற்கு முன்பே அதைப் பழசாக்கிவிடும் போக்கு இது.

நாம் என்ன செய்யலாம்?

1. வாங்குமுன் ஒருமுறை கேட்போம்: "இருப்பது உண்மையிலேயே உதவாதா, அல்லது புதியது கவர்ச்சியாக இருக்கிறதா?" வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், பேட்டரியையும் நினைவகத்தையும் மாற்றக்கூடிய கணினியைத் தேர்ந்தெடுப்போம்.

2. பழுதுபார்ப்போம். மெதுவாகிவிட்ட பல கணினிகளுக்கு நினைவகத்தைக் கூட்டினாலோ, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினாலோ இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தூசியை ஊதிச் சுத்தம் செய்தாலே சில சரியாகிவிடும். விண்டோஸின் புதிய பதிப்பை ஏற்காத கணினியில் லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவலாம். நம் தெருவில் பழுதுபார்க்கும் இளைஞருக்கும் அதனால் பிழைப்பு உண்டு.

3. இயங்கும் கணினியைத் தேவைப்படுவோருக்குக் கொடுப்போம். ஆனால் இயங்காததை 'நன்கொடை' என்று விடுதிக்கோ பள்ளிக்கோ அனுப்ப வேண்டாம். கழிவை அப்புறப்படுத்தும் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றுவதாகவே அது முடியும்.

4. கொடுக்குமுன் நம் படங்களையும் வங்கி விவரங்களையும் முற்றிலும் அழிப்போம். முடியாவிட்டால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வோம். இந்தப் பயத்தினாலேயே பலர் பழைய கணினியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

5. கழிவைப் பதிவுபெற்ற நிறுவனத்திடம் ஒப்படைப்போம். அவற்றின் பட்டியலைத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியமும் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமும் வெளியிடுகின்றன. கணினி நிறுவனங்கள் பலவும் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. பணம் குறைவாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காயலான் கடையில் கிடைக்கும் அந்தச் சில நூறு ரூபாய், ஒருவரின் நுரையீரலுக்கு நாம் போடும் விலை என்பதை நினைத்துக்கொள்வோம்.

6. பேட்டரியை ஒருபோதும் சமையலறைக் குப்பையோடு போட வேண்டாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் வேலை செய்பவரே முதலில் காயப்படுவார். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. கம்பிகளை வீட்டில் எரிக்கவும் வேண்டாம்.

7. ஒரு வீட்டுக்காக வர மறுக்கும் நிறுவனம், ஒரு பங்குக்காக வரும். ஆண்டுக்கு ஒருமுறை அன்பியங்கள் வழியாக ஒரு நாளைக் குறித்து, பழைய மின்னணுப் பொருட்களை ஆலய வளாகத்தில் சேர்த்து, பதிவுபெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து இரசீது பெறலாம். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை நாம் கடைப்பிடிக்கும் படைப்பின் காலம் இதற்கு ஏற்ற நேரம். நம் பகுதிக் காயலான் கடைக்காரரையே சேகரிப்புக்கு அழைத்து, அவருக்கு உரிய கூலியும் கொடுத்தால் அவருடைய பிழைப்பும் கெடாது.

நிறைவாக

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியைக் கெடுக்கும் கழிவுகளின் வரிசையில் மின்னணுக் கழிவையும் குறிப்பிட்டார். தூக்கி எறியும் கலாச்சாரம் பொருட்களை மட்டுமன்று, மனிதரையும் எறிந்துவிடுகிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். மொராதாபாத்தின் ஆற்றங்கரையும் குய்யூவின் குழந்தைகளும் அந்த எச்சரிக்கையின் சாட்சிகள். எறியப்பட்ட கணினியும், அதை உடைக்கும் மனிதரும் ஒரே குப்பைமேட்டில்தான் நிற்கிறார்கள்.

கணினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையும் கணினியில்தான் எழுதப்பட்டது. நீங்கள் வாசிப்பதும் ஒரு திரையில்தான். அந்தத் திரை ஒருநாள் அணைந்துவிடும். அன்றைக்கு அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதை இன்றே முடிவு செய்துவிடலாமே.

எங்கள் ஊர்க் குளக்கரையில் அந்தக் கண்ணாடித் துண்டுகள் இன்னும் கொஞ்சம் கிடக்கின்றன. மழை பெய்யும்போது தண்ணீர் அவற்றைக் கழுவிக்கொண்டு குளத்துக்குள் இறங்குகிறது. நாம் பரணில் இடம் பிடிக்கிறதே என்று கவலைப்பட்ட பொருள், இப்போது பிள்ளைகள் குளிக்கும் தண்ணீரில் இடம் பிடித்திருக்கிறது. அடுத்த முறை ஒலிபெருக்கி வண்டி நம் தெருவில் கூவும்போது, பரணிலிருந்து எதையாவது இறக்குமுன் சற்று நின்று யோசிப்போம்.